சீஆர்-இசட் எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கும், மலை றோட்டில் ஹைபிரிட் ஓட்டுகிற எல்லோருக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வாங்க நினைப்பவர்களும், பிள்ளைகளின் கையில் திறப்பைக் கொடுக்கப்போகிற பெற்றோரும் நேரம் எடுத்து வாசித்தால் நல்லது.

ஏப்ரல் சீசனில் மகஸ்தோட்டை ஹில் கிளைம்ப் முடிந்தால் அடுத்த ஒரு மாதத்துக்கு எங்கள் வகுப்பறைகளில் கார்க் கதைதான். 1930களில் தொடங்கிய பந்தயம் அது. தேயிலைக்கு நடுவில் கீழிருந்து மேலே ஒவ்வொரு காராக ஓடி நேரம் எடுப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நியூட்டனின் இரண்டாம் விதி மறந்துவிடும். எந்தக் கார் எந்த வளைவில் வால் ஆட்டியது என்பது மட்டும் மறக்காது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு இந்தக் காய்ச்சல் இன்னும் கூடிவிட்டது. (அவர்கள் ஓட்டிய போர்ஷே 911 ஜீ.டி.3 கப் காரில் ஹைபிரிட் கிடையாது. வெறும் பெற்றோல் எஞ்சின். இதைச் சொன்னதும் பின்வாங்கில் இரண்டு பேருக்கு முகம் வாடிவிட்டது.)

இந்த நேரத்தில்தான் கட்டாரில் வேலை செய்யும் எங்களுடைய பழைய மாணவன் வொய்ஸ் அனுப்பினான். "சேர், கண்டியில ஒரு சீஆர்-இசட் இருக்கு, மெனுவல். மச்சான் பார்த்திட்டு நல்லம் என்கிறான். ஸ்போர்ட்ஸ் கார், அதோட ஹைபிரிட். ஓட்டமும் இருக்கும், பெற்றோலும் மிச்சம். எடுக்கவா?" நாலு வருஷச் சேமிப்பு முற்பணத்துக்குப் போகும், மிச்சம் லீசிங். இதே கேள்வியை வேறு கார்களின் பெயர் சொல்லி ஊரில் நாலைந்து பேர் எங்களிடம் கேட்டுவிட்டார்கள். ஆகவே பொதுவாகவே எழுதிவிடுகிறோம்.

ஹைபிரிட் என்றால் பெற்றோல் எஞ்சினோடு ஒரு மின்மோட்டரும் ஒரு பெட்டரியும். பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்தில் உருளும்போதும் அந்த மோட்டர் டைனமோவாக மாறிப் பெட்டரிக்கு மின்சாரம் ஏற்றும். அடுத்த தடவை மிதிக்கும்போது அதே மின்சாரம் சில்லைத் தள்ளும். இது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெட்டரி எவ்வளவு சின்னது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், கந்தப்பளை அதற்கும் கொஞ்சம் மேலே. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. டேர்போ இல்லாத பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சித்தான் எரிக்கிறது. ஆகவே கொழும்பில் 100 குதிரைவலு காட்டுகிற எஞ்சின் எங்கள் ஊரில் ஏறக்குறைய 83 தான். மின்மோட்டருக்கு மூச்சு வாங்காது. அமெரிக்காவில் பைக்ஸ் பீக் என்று 4,302 மீற்றர் உச்சிக்கு ஓடுகிற ஒரு மலைப்பந்தயம் இருக்கிறது. 2018இல் அங்கே எல்லாச் சாதனையையும் உடைத்து 7 நிமிடம் 57 விநாடியில் ஏறியது பெற்றோல் காரல்ல, வோக்ஸ்வாகனின் முழு மின்சாரக் கார். அதோடு மோட்டரின் இழுவை முதல் சுற்றிலேயே முழுதாக வரும். எஞ்சின் வேகம் எடுக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கொண்டை ஊசி வளைவில் வேகத்தை விட்டு, மறுபடி ஏற்றத்தில் மிதிக்கிற நேரத்தில் இந்த வித்தியாசம் முதுகில் தெரியும். ஹைபிரிட்டை மலை றோட்டில் முதல் தடவை ஓட்டுகிறவர்கள் அதில் மயங்குவது அந்த இடத்தில்தான். மயக்கம் நியாயமானதுதான்.

பெற்றோல் கதையைச் சொல்லத் தேவையில்லை. 2022இல் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த நாட்களில் அக்குவா வைத்திருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கும் கண்டிக்கும் போய்வந்தார்கள், மற்றவர்கள் கார்களுக்கு உறை போட்டு மூடினார்கள். அதைக் கண்ணால் பார்த்த ஊர் இது.

இனிக் கணக்கு. இதை நாங்கள் சாதாரணதர வகுப்பில் அழுத்தசக்திப் பாடத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது வழக்கம். ஆளும் சாமானுமாக 1,350 கிலோ உள்ள ஒரு அக்குவா நுவரெலியாப் பக்கமிருந்து ரம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்குகிறது. உயர வித்தியாசம் சுமார் 1,400 மீற்றர். திணிவு, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 189 இலட்சம் யூல். கரண்ட் பில்லில் வருகிற ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் யூல். ஆக அந்த இறக்கத்தில் கார் கீழே கொட்டுகிற சக்தி ஐந்து யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. டயரும் காற்றும் அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும் என்று வைத்தாலும், இரண்டு யூனிட்டையாவது யாராவது பிடித்து நிறுத்தியாக வேண்டும்.

அக்குவாவின் பெட்டரி 144 வோல்ற். முழுதாக ஏற்றினாலும் ஒரு யூனிட் கொள்ளாது. அதிலும் பெட்டரி சீக்கிரம் கெடாமல் இருக்க, காரின் கணினி அதை முழுக்க நிரப்பவும் விடாது, முழுக்க வடியவும் விடாது. நடுவில் பாதிக்கும் குறைவான பகுதியோடுதான் விளையாடும். அப்படியென்றால் லபுக்கலைத் தேயிலைக் கடைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அது நிரம்பிவிடும். மிச்ச இறக்கம் முழுவதும் அந்தச் சக்திக்குப் போக இடமில்லை.

ஏறும்போது கதை தலைகீழ். கம்பளையிலிருந்து மிதித்துக்கொண்டே வந்தால் மோட்டரின் உதவி கொஞ்ச நேரத்துக்குத்தான். அதன் பிறகு 74 குதிரைவலு எஞ்சின் தனியாகத்தான் இழுக்க வேண்டும். அதுவும் மேலே வர வர மூச்சு வாங்கிக்கொண்டு. கண்டிப் பக்கத்திலிருந்து நாலு பேரோடு ஏறிவருகிறவர்கள் "என்னடா, கார் கத்துது, போகுதில்ல" என்பது இதனால்தான். காரில் பழுதில்லை, பணப்பை சின்னது.

பந்தயக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போமுலா வன்னில் 2009இல் கேர்ஸ் என்ற பெயரில் முதல் தடவை இதைக் கொண்டுவந்தார்கள். ஒரு சுற்றுக்கு 6.6 விநாடி, சுமார் 80 குதிரைவலு கூடுதல், அவ்வளவுதான். ஹங்கேரியில் லூயிஸ் ஹமில்டன் அதைக் கொண்டு வென்றார். ஆனால் அந்த வருஷம் சாம்பியனான ஜென்சன் பட்டனின் ப்ரோன் காரில் கேர்ஸே இல்லை. அந்தச் சாமானின் பாரத்தைச் சுமக்காமல் இருந்ததே லாபம் என்று அந்த வருஷம் பல அணிகள் முடிவெடுத்தன. இரண்டு வருஷம் கழித்து நிலைமை மாறியது. 2011இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய எச்.ஆர்.டி. காரில் கேர்ஸ் கிடையாது. முன்னால் போன அணிகளிடம் எல்லாம் இருந்தது. அந்த 80 குதிரைவலு இல்லாமல் நேர்ப்பாதையில் அவர் யாரைத் துரத்துவது? தமிழ்ப் பிள்ளை கடைசி வரிசையில் நிற்கிறதைப் பார்த்து நாங்கள் டீவிக்கு முன்னால் கோபப்பட்டது இன்னும் ஞாபகம்.

2012இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை அவுடி ஹைபிரிட் வென்றது. அதற்குப் பிறகு போர்ஷே, டொயோட்டா என்று வென்றவை எல்லாம் ஹைபிரிட்தான். காரணம் எளிது. பந்தயப் பாதையில் 300 கிலோமீற்றர் வேகத்தில் வந்து வளைவுக்கு 80க்குப் பிரேக் பிடிக்கிறார்கள். சின்னப் பெட்டரி ஒரே பிரேக்கில் நிரம்பி, வளைவு தாண்டியதும் வடிந்து, அடுத்த வளைவில் மறுபடி நிரம்பும். நிரம்புவதும் வடிவதும் மாறி மாறி நடந்தால் சின்னப் பணப்பையே போதும். எங்கள் றோட்டில் ஒரு மணித்தியாலம் ஏற்றம், பிறகு ஒரு மணித்தியாலம் இறக்கம். ஹைபிரிட்டுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத றோட்டு குறைவு. மகஸ்தோட்டையில்கூட அது குறுகிய ஓட்டம் என்பதால் நிரம்பிய பெட்டரியோடு புறப்பட்டால் உச்சி வரை தாக்குப்பிடிக்கலாம். அதற்கு மேல் இல்லை.

"அப்படியென்றால் பெரிய பெட்டரி போடலாமே?" என்று வகுப்பில் எப்போதும் ஒரு கை எழும்பும். போட்டிருக்கிறார்கள். 2024இல் வந்த புதிய பீ.எம்.டபிள்யூ. எம்5 ஐப் பாருங்கள். 727 குதிரைவலு, பாரம் 2,400 கிலோவுக்கு மேல். முந்திய எம்5ஐ விட ஏறக்குறைய அரை தொன் கூட. மேர்சிடிஸ் தன் சீ63இல் வீ8 எஞ்சினை எடுத்துவிட்டு நாலு சிலிண்டரும் மின்மோட்டருமாக 680 குதிரைவலு கொடுத்தது. கார் 2,100 கிலோ தாண்டியது, சத்தமும் போனது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். எங்களைக் கேட்டால் போர்ஷே 2024இல் 911 ஜீ.டி.எஸ்.இல் செய்ததுதான் புத்தி. வெறும் 1.9 யூனிட் பெட்டரி, பாரம் 50 கிலோதான் கூடியது, ஜேர்மனியின் நேர்பர்க்ரிங் பாதையில் முந்தியதை விட 8.7 விநாடி வேகம். பாரம் கூடினால் எல்லாவற்றுக்கும் விலை கொடுக்க வேண்டும். டயர் தேயும், வளைவில் வெளியே தள்ளும், முக்கியமாக நிறுத்துவது கஷ்டம்.

இனித் தம்பியின் சீஆர்-இசட்டுக்கு வருவோம். 2010இல் ஹோண்டா வெளியிட்ட கார். அந்த வருஷ ஜப்பானிய கார் விருதையும் எடுத்தது. ஆறு கியர் மெனுவலோடு வந்த ஹைபிரிட் என்பதுதான் அதன் பெருமை. 1.5 லீற்றர் எஞ்சின், அதற்கும் கியர்பெட்டிக்கும் இடையில் மெல்லிசாக ஒரு மோட்டர். ஆரம்ப மொடலில் அந்த மோட்டர் 14 குதிரைவலுதான், எஞ்சினோடு சேர்த்து மொத்தம் 124. 2012இல் லிதியம் பெட்டரியும் கொஞ்சம் பெரிய மோட்டரும் வந்தன. ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான், அமத்தினால் சில விநாடிகளுக்குக் கூடுதல் இழுவை. பார்க்க ஸ்போர்ட்ஸ் கார்தான், ஓட்ட இனிமையும் இருக்கும். ஆனால் வேகம் என்று பார்த்தால் சாதாரணம், சிக்கனம் என்று பார்த்தால் அக்குவாவை எட்டாது. இரண்டும் வேண்டும் என்று செய்து இரண்டிலும் நடுவில் நின்ற கார். 2016இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

அதில் மலைக்கு ஒரு நன்மை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மெனுவலில் எஞ்சின் சில்லோடு கியர் வழியாக நேராக இணைந்திருக்கும். இரண்டாம் கியரில் போட்டால் பழைய கார் மாதிரி எஞ்சினே பிடித்து நிறுத்தும். பெட்டரி நிரம்பினாலும் கவலையில்லை.

நாங்கள் தம்பிக்கு எழுதியது இதுதான்: ஆசைக்கு எடுக்கிறாய் என்றால் எடு, அது உன் உழைப்பு. "ஓட்டமும் சிக்கனமும்" என்ற கணக்கில் லீசிங்கில் மாட்டாதே. பின் ஆசனத்தில் உன் உம்மாவால் கந்தப்பளையிலிருந்து கண்டி வரை இருக்க முடியாது. அது பையும் குடையும் வைக்கிற இடம். தங்கச்சிமார் இரண்டு பேர் வேறு. பெட்டரியைக் கணினி போட்டுச் சோதித்துக் காட்டாமல் முற்பணம் கொடுக்கவே வேண்டாம். அவன் இன்னும் பதில் போடவில்லை, ஒரு இதயம் மட்டும் போட்டிருக்கிறான்.

ஆனால் நாங்கள் இதை எழுத உட்கார்ந்தது அந்தக் காருக்காக மட்டும் அல்ல. இறக்கத்துக்காக.

போன வருஷம் ஒரு வலீமாவுக்குக் கண்டிக்குப் போனோம், மூன்று வாகனம். நடுவில் வந்த ஹைபிரிட்டை ஓட்டியது இருபது வயதுத் தம்பி ஒருவர். புசல்லாவைக்குக் கிட்ட வரும்போது பின்னால் வந்த எங்களுக்கே கருகல் மணம் வந்தது. லைட் அடித்து ஓரம் கட்ட வைத்தோம். முன் சில்லிலிருந்து புகை. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. உள்ளே நாலு பேர், மடியில் ஒரு குழந்தை. விசாரித்தால் நுவரெலியாவிலிருந்து முழுக்க டீயிலேயே வந்திருக்கிறார். "பீ போட்டா எஞ்சின் இரையுது மாமா, பெற்றோல் போகும் என்று போடல்ல."

இந்த ஒரு தப்பெண்ணத்தைத்தான் ஊரிலிருந்து துரத்த வேண்டும். டொயோட்டா ஹைபிரிட்களில் கியர் நெம்புகோலுக்குப் பக்கத்தில் இருக்கிற பீ என்ற எழுத்து இறக்கத்துக்காகவே வைத்தது. பெட்டரி நிரம்பிய பிறகு மோட்டர் பிடிக்கிற சக்திக்குப் போக இடமில்லை அல்லவா? பீயில் போட்டால் அந்த மின்சாரத்தைக் கொண்டு எஞ்சினைச் சும்மா சுழற்றி வீணாக்கும். அந்த இரைச்சல் எஞ்சின் பெற்றோல் குடிக்கிற சத்தம் இல்லை, உங்கள் பிரேக்கைக் காப்பாற்றுகிற சத்தம். டீயிலேயே விட்டால் பெட்டரி நிரம்பிய நிமிடத்திலிருந்து முழுப் பாரத்தையும் பிரேக் கட்டைதான் தாங்கும். அதுவரை மோட்டரே பாதி வேலை செய்ததால் ஓட்டுகிறவருக்கு மாற்றம் தெரியாது, கால் பழகிய அளவிலேயே மிதித்துக்கொண்டு போவார். மற்றக் கம்பனி ஹைபிரிட்களில் எழுத்து வேறாக இருக்கும், எல் அல்லது எஸ். காரோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். ஜப்பான் மொழியில் இருந்தால் விளங்கிய ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அன்றைக்கும் ஒருவர் போத்தலோடு ஓடிவந்தார், நாங்கள் கையைப் பிடித்து நிறுத்தினோம். டிஸ்க் வெடித்துவிடும். ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம், வலீமாச் சோறு ஆறிப்போனது, பரவாயில்லை. மரக்கறி லொறி ஓட்டுகிற ஒரு பெரியவர் நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏறுன கியர்லதான் தம்பி எறங்கணும்" என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் கரும்பலகை நிறையப் போடுகிற கணக்கு அது.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வழியில் பஸ் ஒன்று வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அது ஹைபிரிட் அல்ல. இறக்கம் ஒன்றுதான்.

இன்னும் இரண்டு விஷயம். ஹைபிரிட் பிரேக்கை மோட்டர் பங்குபோட்டுக்கொள்வதால் கட்டைகள் வருஷக்கணக்கில் தேயாது. அதை நன்மை என்றுதான் விற்பார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பனியிலும் ஈரத்திலும் தேயாத பிரேக் துருப்பிடித்து இறுகிவிடும். கட்டை மாற்றத் தேவையில்லை என்றாலும் வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றித் துப்புரவாக்கச் சொல்லுங்கள். அடுத்தது, சிக்கல் கூடினால் பழுதும் கூடும். 2013 செப்டெம்பரில் வந்த ஃபிட் ஹைபிரிட்டை அடுத்த வருஷம் ஒக்டோபருக்குள் ஹோண்டாவே ஐந்து தடவை திரும்ப அழைத்துத் திருத்தியது. செய்தவர்களுக்கே அப்படியென்றால், பொனட்டைத் திறந்து "ஸ்பீட் கூட்டித் தாறேன்" என்கிற தெருமுனை மெக்கானிக்கை நம்பலாமா? உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் தடித்த வயர் ஓடுகிறதா, அதைத் தொட வேண்டாம். அக்குவாவில் அந்த 144 வோல்ற்றை 500க்கு மேல் ஏற்றித்தான் மோட்டருக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக் கரண்ட் 230.

பெட்டரிக்கு ஒரு விசிறி இருக்கிறது. அக்குவாவில் அது காற்றை இழுக்கிற ஜாலி பின் ஆசனத்தின் அடியில், ஓரத்தில். சனிக்கிழமை சந்தை முடிந்து வருகிற கார்களில் நாங்கள் பார்த்திருக்கிறோம், லீக்ஸ் கட்டும் கரட் பையும் அந்த ஜாலியை முழுக்க மூடிக்கொண்டிருக்கும். மண்ணும் உள்ளே போகும். பெட்டரி சூடாகி, இருபது துண்டுகளில் ஒன்று போனாலும் டாஷில் சிவப்பு லைட் எரியும். பையை முன்னுக்கு வையுங்கள், ஜாலியை மாதத்துக்கு ஒரு தடவை பழைய பல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.